கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் படிப்பு எதற்கு என்பவர்களுக்கு

புதுச்சேரியில் வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்களில் பிளஸ் டூ முடித்த ஒரு பிள்ளை, "கல்யாணம், கோயில் விழா, கலைவிழா எல்லாம் எடுத்து நடத்துகிற படிப்பு இருக்கிறதாம், அதில் சேரப் போகிறேன்" என்று வீட்டில் சொன்னால் என்ன பதில் வரும் என்று நமக்கெல்லாம் தெரியும். "கல்யாணம் பண்றதுக்கு ஒரு படிப்பா? உன் தாத்தா எந்தக் காலேஜுல படிச்சிட்டு ஊர்த் தேரை ஓட்டினாரு?" என்பார் அப்பா. "பந்தல் போடவா உன்னைப் படிக்க வச்சோம்?" என்பார் அம்மா. நர்சிங், கேட்டரிங், பி.காம் என்று எதையாவது சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார்கள். படித்தவர்கள் இதையே கொஞ்சம் மெருகேற்றிச் சொல்கிறார்கள்: விழா என்பது பண்பாடு, அது ரத்தத்தில் வருவது, அதைப் பாடமாக்குவது வியாபாரம்.

இந்தக் கருத்து எங்கும் பரவியிருக்கிறது, கேட்க நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் அது முழுக்கத் தவறு. உயிர்களைக் காவு வாங்கக்கூடிய தவறு என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தாத்தாவிலிருந்தே தொடங்கலாம். தாத்தா படிக்கவில்லை என்பது உண்மையா? வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்தார். அந்த வழக்கத்தைத் தொடர்ந்து இன்று துணைநிலை ஆளுநரும் முதல்வரும் வடம் பிடிக்கிறார்கள். மறுநாள் செய்தித்தாளில் அவர்கள் படம் வருகிறது. ஆனால் தேர் மாடவீதி முனைக்கு வரும்போது அடியில் சக்கரத்தருகே பாருங்கள். வடத்தில் எத்தனை ஆயிரம் கைகள் இருந்தாலும் தேரைத் திருப்புவது அந்தக் கைகள் அல்ல. சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே வரும் சில பேர்தான் திருப்புகிறார்கள். அவர்கள் கையில் முட்டுக்கட்டை இருக்கும்: ஒருபக்கம் தடித்து மறுபக்கம் சரிவாகச் செதுக்கி, நீளமான கைப்பிடி வைத்த மரக்கட்டை. எந்தச் சக்கரத்தில், எந்தப் பக்கம், எவ்வளவு சாய்வாகக் கட்டையைக் கொடுப்பது என்பதை வைத்துத்தான் தேரின் திசை மாறும். கொடுத்த அடுத்த கணமே கையை இழுத்துக்கொள்ள வேண்டும். இழுப்பவர்களின் வேகம், சாலையின் சரிவு, காற்றில் தேர்ச்சீலை வாங்கும் ஆட்டம் மூன்றையும் அவர்கள் ஒன்றாகக் கணக்கிட்டாக வேண்டும். கூட்டத்தின் ஆரவாரத்தில் யார் குரலும் கேட்காது. அதனால் துண்டு வீச்சு, விசில் என்று அவர்களுக்குள் தனிச் சைகைகள் உண்டு.

இதை யாரும் பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வருவதில்லை. முதலில் கட்டை சுமக்க விடுவார்கள். சில வருஷம் கழித்துப் பின்சக்கரம், அதன் பிறகுதான் முன்சக்கரம். பக்கத்தில் மாமனோ பெரியப்பாவோ நின்று திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுப்பார். தாத்தா படித்தார். அவருக்குப் பள்ளி இருந்தது, ஆசான் இருந்தார், தேர்வும் இருந்தது. தவறினால் கால் போகும் என்பதால் அதைவிடக் கடுமையான தேர்வு வேறில்லை. அந்தப் பள்ளிதான் இப்போது மூடிக்கொண்டிருக்கிறது. பேரன் திருபுவனையிலோ சேதராப்பட்டிலோ தொழிற்சாலையில் ஷிப்டுக்குப் போகிறான். திருவிழாவுக்கு ஒருநாள் லீவு கேட்டு வந்து வடம் தொட்டுக் கும்பிட்டுப் போகிறான். பின்சக்கரத்தில் நிற்க அவனுக்கு நேரமில்லை. "ரத்தத்தில் வரும்" என்பவர்கள் இதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு பக்கம், தாத்தா காலத்துத் தெருவும் இன்று இல்லை. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தரை உயர்கிறது. மேலே மின்கம்பி, கேபிள், கடைப் பலகை. தேரிலும் சப்பரத்திலும் சீரியல் விளக்கு, பின்னால் ஜெனரேட்டர். 2022 ஏப்ரல் 27 விடியற்காலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் திரும்பும்போது உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. அதே ஆண்டு ஜூனில் தருமபுரி மாவட்டம் மாதேஅள்ளியில் தேர் கவிழ்ந்து இருவர் இறந்தார்கள். அந்த ஊர்க்காரர்களின் பக்தியிலோ அக்கறையிலோ குறை சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. ஆனால் தேரின் உச்சி எத்தனை அடி, போகும் வழியில் கம்பி எத்தனை அடியில் தொங்குகிறது, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை மின்சாரத்தை நிறுத்த வேண்டும், அதற்கு யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும், நிறுத்தியாயிற்று என்று யார் வந்து சொல்ல வேண்டும் என்பதெல்லாம் பக்தியால் தெரிந்துவிடாது. ஒருவர் உட்கார்ந்து கற்க வேண்டும். கற்றவர் அந்தத் தெருவில் நிற்க வேண்டும்.

கல்யாணத்துக்கு வருவோம். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் தீப்பிடித்து மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தென்னங்கீற்றுப் பந்தல், அதனடியில் வீடியோ விளக்கின் மின்சாரம், நெரிசலான வழி. இவை தனித்தனியே எல்லாக் கல்யாணங்களிலும் இருப்பவைதான். மூன்றும் ஓரிடத்தில் கூடினால் என்ன ஆகும் என்று யோசிப்பது அன்றைக்கு யாருடைய வேலையாகவும் இல்லை. வீடியோக்காரருக்கு அவர் வேலை, பந்தல்காரருக்கு அவர் வேலை, பெண் வீட்டாருக்கு ஆயிரம் கவலை. மொத்தத்தையும் ஒருசேரப் பார்க்கும் ஒரு கண் வேண்டும். அந்தக் கண்ணைத் தருவதுதான் இந்தப் படிப்பு. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ஒரு கல்யாணத்துக்காகச் சாலை நடுவில் கட்டிய பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த 23 வயதுப் பெண் பொறியாளர் லாரியில் அடிபட்டு இறந்தார். அந்தக் கல்யாணத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கல்யாணம் வீட்டு விஷயம், அதில் வெளியாள் படித்துச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் அந்தப் பெண்ணின் பெற்றோரை நினைத்துக்கொள்ளட்டும்.

அடுத்த வாதம்: "இந்தப் படிப்பு ஆடம்பரத்தைத்தான் வளர்க்கும். ஏற்கெனவே கடன் வாங்கிக் கல்யாணம் செய்கிறார்கள், இன்னும் செலவு செய்யச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?" இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். 2024இல் ஜெஃப்ரீஸ் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை இந்தியாவில் ஆண்டுக்கு 80 லட்சம் முதல் ஒரு கோடித் திருமணங்கள் நடப்பதாகவும், அந்தச் சந்தையின் மதிப்பு சுமார் 10 லட்சம் கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. பிள்ளையின் மொத்தப் படிப்புக்கு ஆகும் செலவைப் போல இரண்டு மடங்கைக் கல்யாணத்தில் செலவிடுகிறோம் என்றும் அது சொன்னது. இந்த எண்ணைப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது நேர் எதிரானது. வீட்டின் மிகப் பெரிய செலவை நாம் எந்தக் கணக்கறிவும் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறோம்.

சமையல் ஒப்பந்தம் இலைக் கணக்கில் பேசப்படுகிறது. ஆயிரம் இலைக்குச் சொல்லிவிட்டு எழுநூறு பேர் வந்தால், இலை 300 ரூபாய் என்று வைத்தாலும் 90,000 ரூபாய் வீண். முகூர்த்த நாளில் பக்கத்து மண்டபங்களில் எத்தனை கல்யாணம், வரவேற்பு மாலைக்கு எத்தனை பேர் வந்து மறுநாள் காலைக்கு வராமல் போவார்கள், எந்த உறவுக்காரர் குடும்பத்தோடு வருவார், யார் மொய் எழுதிவிட்டு மோர் குடித்துப் போவார் என்று ஒரு நல்ல சமையல் மாஸ்டருக்குத் தெரியும். அவர் பெண் வீட்டுக்காரரை அழைத்து, "ஐயா, ஆயிரம் வேணாம், எழுநூத்தம்பதுக்குப் போடுறேன், அம்பது இலைக்குச் சரக்கு கையில வச்சுக்கறேன், பந்தி முட்டினா பாத்துக்கலாம்" என்பார். அந்த ஒரு வார்த்தையில் ஒரு குடும்பத்தின் ஒரு வருஷ வட்டி மிச்சமாகும். முதல் பந்திக்கு எழுபது பேர் காத்திருக்கும்போதே இரண்டாம் பந்தி அரிசியைக் களைந்து வைக்க வேண்டும் என்பதும், எந்தக் கூட்டு மதியம் வரை தாங்கும், எது பத்து மணிக்கே புளிக்கும் என்பதும் அவருக்கு அத்துப்படி. இந்த அறிவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? எங்கும் இல்லை. அவர் ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும். பிறகு வருபவர் ஆயிரம் இலைக்கே வாங்கிக்கொள்வார். படிப்பில்லாத இடத்தில்தான் ஆடம்பரமும் ஏமாற்றும் செழிக்கின்றன. விலை தெரிந்தவனிடம் யாரும் கூட்டிச் சொல்ல முடியாது.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. பிரான்சில் குடியேறிய புதுச்சேரிக் குடும்பங்கள் ஊருக்கு வந்து கல்யாணம் வைப்பது அங்கே பள்ளி விடுமுறை விடும் ஜூலை, ஆகஸ்டில். அந்தக் காலத்தின் நடுவில் ஆடி விழுந்துவிடுகிறது. மிஞ்சுவது ஆனிக் கடைசியும் ஆவணித் தொடக்கமும். ஒரு சில முகூர்த்தங்களில் மண்டபம், மேளம், சமையல், மணப்பெண் அலங்காரம் எல்லாவற்றுக்கும் அடிபிடி. ஆடியில் மண்டபங்கள் காலி. ஆனால் அதே ஆடியில்தான் ஊரூருக்குச் செடல், கூழ் வார்த்தல், ஐந்தாம் வெள்ளியன்று வீராம்பட்டினம் தேர். பந்தல்காரரும் ஒலிபெருக்கிக்காரரும் கல்யாணத்திலிருந்து திருவிழாவுக்கு மாறுகிறார்கள். இந்தச் சுழற்சியை ஒருவர் ஒரு வருஷம் உட்கார்ந்து கணக்கெடுத்தால் வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகள் இரண்டிலும் எத்தனை பேருக்கு எந்த மாதம் வேலை, எந்த மாதம் பட்டினி என்று தெரிந்துவிடும்.

இனி, யாரும் வெளியே சொல்லாத காரணத்துக்கு வருகிறேன். இந்தப் படிப்பை இளக்காரமாகப் பார்ப்பதற்கு உண்மையான காரணம் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விழாவையும் கல்யாணத்தையும் நடத்தியவர்கள் யார்? பறையடித்தவர், தவிலும் நாகசுரமும் வாசித்தவர், மாப்பிள்ளைக்கு முகம் வழித்தவர், சாமிக்கு நடைபாவாடை விரித்தவர், தீவட்டி பிடித்தவர், தேர் செய்த தச்சர், பானை வனைந்தவர், அடுப்படியில் வெந்தவர். இவர்களுடைய வேலையைப் பிறப்பால் வந்த கடமை என்று சொல்லி, கூலியாகப் படி நெல்லும் பழைய வேட்டியும் கொடுத்து வைத்திருந்தோம். பள்ளிக்கூட வாசலை யாருக்கு அடைத்தோமோ அவர்களிடம் இருந்ததால்தான் அந்த அறிவுக்கு அறிவு என்ற பெயரையே நாம் தரவில்லை. முன்னால் நின்று பரிவட்டம் கட்டிக்கொண்டவருக்கு விழாவை நடத்தியவர் என்ற பேர் கிடைத்தது. "பந்தல் போடவா படிக்க வச்சோம்" என்ற வாக்கியத்துக்குள் இவ்வளவும் இருக்கிறது. பந்தல் போடுவது கேவலம் என்று அந்த வாக்கியம் தீர்மானித்துவிட்டது.

படிப்பாக மாறும்போதுதான் இந்தக் கட்டு அவிழும். பாடமாக வைத்தால் எந்தச் சாதிப் பிள்ளையும் பறை கற்கலாம், எந்தச் சாதிப் பிள்ளையும் விருந்து சமைக்கலாம், எந்தச் சாதிப் பிள்ளையும் தேர்ச் சக்கரத்தருகே நிற்கலாம். கூலி ஒப்பந்தமாகும். காயம்பட்டால் காப்பீடு கேட்க முடியும். எந்தத் தெருவுக்குச் சாமி வரும், எந்தத் தெருவுக்கு வராது என்பதை நாலு பேர் கூடிப் பேசி முடிவெடுப்பதற்குப் பதில், வழித்தடமாக எழுத்தில் வைத்து, ஏன் இந்தத் தெரு இல்லை என்று கேட்க முடியும். இந்தக் கேள்விக்குப் பயந்தும் சிலர் "விழா பண்பாடு, அதைப் பாடமாக்காதே" என்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

விழாவை நிர்வாகமாகப் பார்ப்பது நம் மரபுக்கு அந்நியம் என்பவர்கள் மரபைப் படிக்கவில்லை. மணிமேகலைக் காப்பியத்தின் முதல் காதையே விழாவறை காதை. இந்திர விழாவை முரசறைந்து அறிவிப்பவன் தெருவில் பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புவதில் தொடங்கி, விழா நடக்கும் 28 நாளும் பகைவர்கள்கூடப் பூசலிடாமல் விலகிப் போக வேண்டும் என்பது வரை சொல்கிறான். கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் அறிவிப்பு அது. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் வெட்டிவைத்தது என்ன? தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு ஆளுக்கொரு வீடும் பங்கும்; கூடவே நட்டுவம் செய்வோர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், குயவர், வண்ணார், தையற்காரர், தச்சர், கணக்கர் என்று ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல் என்ற பட்டியல். விழா எடுப்பதற்கு ஆள், சம்பளம், பொறுப்பு மூன்றையும் கல்லில் எழுதிய நாடு இது.

நம் மண்ணிலேயே கல்வியின் சான்றும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, பாகூரில் இருந்த கல்வி நிலையத்துக்கு மூன்று கிராமங்களைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்கிறது. வில்லியனூரிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் இருக்கும் திருபுவனையில் 1048ஆம் ஆண்டு முதலாம் ராஜாதிராஜன் காலக் கல்வெட்டு, 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரியைக் கணக்கோடு பதிந்திருக்கிறது. அங்கே வேதமும் இலக்கணமும் படித்தார்கள். யார் அங்கே படிக்க முடிந்தது, யார் முடியவில்லை என்பதும் நமக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்: ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லூரி வைத்த ஊர்கள், அன்று வெளியே நிறுத்தப்பட்டவர்களின் அறிவுக்கு இன்று ஒரு கல்லூரி வைக்கட்டும்.

வெளியுலகம் சும்மா இல்லை. 2013இல் அலகாபாத் கும்பமேளாவை ஆராய ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்து குழு வந்தது. சில வாரங்களுக்கு மட்டும் எழும் ஒரு நகரம் எப்படிக் குடிநீரும் கழிப்பறையும் சாலையும் அமைத்துக்கொள்கிறது என்று பார்த்துப் புத்தகம் போட்டார்கள். மேற்கு வங்கத்து துர்கா பூஜையின் பொருளாதாரத்தை 2019இல் பிரிட்டிஷ் கவுன்சில் ஆய்வு செய்ய வைத்தது. மதிப்பு 32,377 கோடி ரூபாய் என்று வந்தது. பந்தல் கட்டும் கலைஞர், களிமண் சிற்பி, டாக் மேளம் அடிப்பவர் எல்லாம் அதில் கணக்குக்கு வந்தார்கள். 2021இல் யுனெஸ்கோ கொல்கத்தாவின் துர்கா பூஜையைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2014இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பெருங்கூட்டங்களை நிர்வகிக்கத் தனி வழிகாட்டியே வெளியிட்டது. நம் ஊர் விழாக் குழுக்களில் எத்தனை பேர் கையில் அது இருக்கிறது?

வில்லியனூரையே எடுத்துக்கொள்ளுங்கள். வைகாசியில் திருக்காமீசுவரர் தேர். ஈஸ்டரை அடுத்து லூர்து மாதா ஆலயத்தின் ஆண்டுப் பெருவிழாவும் தேர்ப்பவனியும். அந்த மாதா சிலை 1877இல் பிரான்சிலிருந்து வந்தது. மாசி மகத்தன்று சங்கராபரணி ஆற்றங்கரையில் திருக்காஞ்சியில் கூட்டம் தாங்காது. 2023இல் அங்கே புஷ்கர விழாவும் நடந்தது. பாகூர்ப் பக்கம் திரௌபதி அம்மன் தீமிதியும் பாரதக் கூத்தும். கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பந்தல் போடுபவர் ஒருவரே, ஒலிபெருக்கி ஒருவருடையதே, கூட்டத்தை ஒதுக்கும் போலீஸும் அதே போலீஸ்தான். ஒரு சிறு ஊரில் இத்தனை வகை விழா. இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் எங்கே கிடைக்கும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் 1968க்குப் பின் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல்தான். அதில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே இல்லை. கொம்யூன் பஞ்சாயத்துகளை அதிகாரிகள் நடத்துகிறார்கள். இந்த நிலையில், நம் கிராமத்து ஜனங்கள் தாங்களே கூடி, வரி போட்டு, வரவு செலவு எழுதி, சண்டை போட்டுச் சமாதானமாகி, ஒரு பொதுக் காரியத்தைச் செய்து முடிக்கும் இடம் திருவிழா மட்டும்தான். அந்த ஒரே இடத்திலும் கணக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில், ஒருவர் கையில். விழாக் குழுவில் பெண்கள் கிட்டத்தட்டக் கிடையாது. விழா நடத்தும் படிப்பைப் படித்தவர்கள் பத்துப் பேர் ஊருக்குத் திரும்பினால் கணக்கு ஊர்ச் சாவடிச் சுவரில் ஒட்டப்படும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இப்போது நகரங்களில் விழா நடத்தும் படிப்பு என்று விற்கப்படும் பல படிப்புகள் நமக்கு உதவா. அவை கார் அறிமுக விழாவையும் கடற்கரை ரிசார்ட் கல்யாணத்தையும் மனதில் வைத்தவை. 2023இல் பிரதமர் வெளிநாட்டில் போய்க் கல்யாணம் செய்யாதீர்கள், இங்கேயே செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்ட பிறகு அந்தப் பக்கம் இன்னும் வேகமாகிவிட்டது. அங்கே சேரும் நம் பிள்ளை கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் யாருக்கோ பூ அலங்காரம் செய்துகொண்டு நிற்பான். அதற்காக இந்தப் படிப்பே வேண்டாம் என்பது நியாயமில்லை. நல்ல பாடத்திட்டம் கேட்டு வாங்குவதுதான் நியாயம். மின்சாரமும் தீயும் கூட்டமும் முதல் பாடமாக வேண்டும். குடிநீர், கழிப்பறை, குப்பை அடுத்தது. உணவுக் கணக்கு, ஒப்பந்தம், அனுமதிகள், காப்பீடு. மேளக்காரர், கூத்துக் கலைஞர், பந்தல் தொழிலாளி ஆகியோரின் கூலியும் உரிமையும். மாற்றுத்திறனாளியும் கர்ப்பிணியும் முதியவரும் விழாவுக்குள் எப்படி வந்து எப்படி வெளியேறுவார்கள் என்பது. எல்லாம் தமிழில்.

கற்பிக்கத் தகுதி யாருக்கு? பட்டம் பெற்ற பேராசிரியர் ஒரு பாதி. மறுபாதி முட்டுக்கட்டை போடுபவர், சமையல் மாஸ்டர், கூத்து வாத்தியார், மின்வாரிய லைன்மேன். கலைகளுக்கு அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. தொழில் சார்ந்த படிப்புகளுக்கு லாஸ்பேட்டையில் பல்கலைக்கழகச் சமுதாயக் கல்லூரி இருக்கிறது. புதிதாகக் கட்டடம் வேண்டியதில்லை. இந்த இரண்டின் துணையோடு வில்லியனூரிலும் பாகூரிலும் ஓராண்டுப் பட்டயப் படிப்பைப் புதுச்சேரி அரசு தொடங்க முடியும், தொடங்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை இதைப் படிக்கக் கேட்டால் தடுக்காதீர்கள். எந்தப் பாடத்திட்டம், யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று மட்டும் விசாரியுங்கள். அடுத்த கொடியேற்றத்துக்கு முன் உங்கள் ஊர் விழாக் குழுவிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: நம் தேருக்கு முட்டுக்கட்டை போடுபவருக்கு வயது என்ன, அவரிடம் இப்போது கற்றுக்கொண்டிருப்பவர் யார்? இரண்டாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால், இந்தப் படிப்பைக் கேட்டுக் கல்வித்துறைக்கு ஒரு மனு எழுதி ஊரார் கையெழுத்தை வாங்குங்கள். முதல் கையெழுத்தை அந்த முட்டுக்கட்டைக்காரரிடமே கேளுங்கள்.